மீட்டருக்கு யாரு சொன்னது?

அந்த மனிதர் நான் சொன்ன எதையும் நம்பியதில்லை. நானும் அவர் சொன்னதை நம்பவில்லை. அப்படியும் இரண்டு வருடத்துக்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இருந்தது.

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையிலிருந்து மயிலத்துக்குத் திரும்புகிற இடத்தில், திண்டிவனம் போகிற பக்கமாக, மூன்று புறமும் தகரம் அடித்த ஒரு கொட்டகை இருந்தது. அவர் அங்கே கார் மெக்கானிக். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "எதுக்கு?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். கடைசிவரை "அண்ணா"தான்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. கடையிலிருந்து புது சாமான் வந்தால் டப்பாவை வெயிலில் பிடித்துப் பார்ப்பார், அச்சடித்த எழுத்தை நகத்தால் சுரண்டுவார், உள்ளே இருப்பதை எடுத்து முகர்ந்து பார்ப்பார். ரோட்டோரத்தில் நாலு டீக்கடை இருந்தும் ஒன்றிலும் டீ குடிக்க மாட்டார். "அவன் இன்னா தூளு போடறான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். டீ அவர் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வரும். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை கொட்டகையை விட்டு நகர மாட்டார். ஒதுங்கப் போகிற ஐந்து நிமிஷத்துக்கும் ஸ்பானர் பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் போவார்.

வண்டிக்காரர்கள் வாய் திறந்தாலே அவரிடமிருந்து ஒரு கேள்விதான் வரும்: "யாரு சொன்னது?" நேற்றுதான் ஆயில் மாற்றினேன் என்றால், யாரு சொன்னது? பேட்டரி புதுசு என்றால், யாரு சொன்னது? கோபமாகவோ கிண்டலாகவோ கேட்க மாட்டார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டுகிற மாதிரி, அதுபாட்டுக்கு அது வரும்.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விழுப்புரத்தில் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். வரும்போது தலைசுற்றல், கால் இழுப்பு. இரண்டு முறை பஸ் ஸ்டாண்டிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, புதுச்சேரியில் ஒரு பழைய டீசல் காரை வாங்கினேன். விற்றவர் "டாக்டர் ஓட்டுன வண்டி மேடம், ஒரே ஓனரு" என்றார். பழைய வண்டி விற்கிறவர்களிடம் டாக்டர் ஓட்டாத வண்டியே இருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெண்பிள்ளை கார் ஓட்டிக்கொண்டு போய் நின்றால் சில மெக்கானிக்குகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஒருத்தர் நல்ல ஹாரனை மாற்றச் சொன்னார். இன்னொருத்தர் கழுவித் துடைத்த பழைய பில்டரைப் புதுசு என்று போட்டு அனுப்பினார். அதனால் நானும் சும்மா இல்லை. வண்டியை விட்டு நகராமல் பக்கத்திலேயே நிற்பேன். கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் எண்ணுவேன். என் வீட்டுக்காரர், "நீ போலீசுல சேந்திருக்கணும்" என்பார்.

ஒரு சித்திரை மாத மதியம், விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. பின்சீட்டில் என் வீட்டுக்காரர் வேட்டி நனைய வியர்த்துக் கிடந்தார். நான் ஓரங்கட்டி இறங்கியபோது எதிரே அந்தத் தகரக் கொட்டகை.

"எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார்.

"விழுப்புரம்ணா. இவரு என் வீட்டுக்காரரு. டயாலிசிஸ் பண்ணிக்கினு வர்றோம்."

அவர் உடனே எஞ்சினைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து, குனிந்து, என் வீட்டுக்காரரின் கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தார். நான் சொன்னது உண்மைதானா என்று சரிபார்த்திருக்கிறார்! எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் தன் கட்டிலை நிழலில் இழுத்துப் போட்டு அவரைப் படுக்க வைத்தார்.

ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வண்டி எவ்ளோ ஓடிக்கிது?"

"நாப்பத்தெட்டாயிரம்."

"யாரு சொன்னது?"

"மீட்டர் சொல்லுதே."

"மீட்டருக்கு யாரு சொன்னது?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிரேக் மிதியைக் காட்டினார். அதன் மேல் இருந்த ரப்பர் தேய்ந்து ஒரு மூலையில் இரும்பு தெரிந்தது. "நாப்பத்தெட்டாயிரத்துக்கு இவ்ளோ தேயாது. வித்தவன் மீட்டர பின்னால சுத்திக்கிறான். சரி, அது போவட்டும். டைமிங் பெல்ட்டு மாத்துனீங்களா?"

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அதுக்கு இன்னும் நாளு இருக்குது" என்றேன்.

"யாரு சொன்னது?"

அவர் எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தட்டிச் சொன்னார். "இதுக்குள்ள பல்லு வெச்ச ரப்பர் பட்டை ஒண்ணு கீது. மேல வால்வு கதவ தொறந்து மூடிக்கினே இருக்கும். கீழ பிஸ்டன் ஏறி எறங்கிக்கினே இருக்கும். அது தொறக்கசொல்லோ இது ஏறக்கூடாது. ரெண்டையும் ஒரே தாளத்துல வெச்சிருக்கறது இந்தப் பட்டைதான். ஓடறப்ப இது அறுந்துதுன்னா, ஏறி வர்ற பிஸ்டன் தொறந்து கெடக்கற வால்வுல போய் இடிக்கும். அவ்ளோதான். எஞ்சினு காலி. வண்டி நடுரோட்ல நிக்கும்."

"அறுந்து போறதுக்கு முன்னாடி சத்தம் எதுனா வராதா?"

"வந்தா நல்லாத்தான் இருக்கும். பிரேக்கு தேஞ்சா கீச்சுங்குது, டயரு தேஞ்சா கண்ணுல தெரியுது. இது ஒண்ணும் சொல்லாது. ரப்பர் இல்லியா, எஞ்சினு சூட்டுல வெந்துக்கினே கெடக்கும். எங்கனா ஆயிலு கசிஞ்சு மேல பட்டா ஊறிப் பூடும். வண்டிய ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் வருசம் ஆவ ஆவ எறுகிப் பூடும். அதனாலதான் கிலோமீட்டரு பாதி, வருசம் பாதின்னு கணக்கு வெச்சி, நல்லா இருக்கும்போதே மாத்திப்புடணும்."

ஹோஸ் வெடித்து வந்தவளிடம் எஞ்சினைப் பிரிக்கலாம் என்கிறாரே, ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். "அப்புறம் பாத்துக்கலாம்ணா" என்று சாவியைத் திருப்பினேன். மெக்கானிக் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, கட்டிலிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் இன்னொரு கேள்வி கேட்டார்.

"சார், உள்ள உங்களுக்கு ஊசி போட்டுக்கினு இருக்கசொல்லோ இவங்க எங்க இருப்பாங்க?"

"வண்டியிலதான். நாலு மணி நேரமும் ஏ.சி. போட்டுக்கினு உக்காந்துக்கினு இருப்பா."

அது உண்மைதான். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் போன மாதம் இருந்து இந்த மாதம் இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. மரநிழலில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

"வண்டி நின்னா மீட்டரும் நிக்கும். பெல்ட்டு நிக்காது," என்றார் அவர். "எஞ்சினு சுத்தற வரைக்கும் அதுவும் சுத்திக்கினுதான் இருக்கும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் சும்மா ஓட்டறீங்க, அது எந்த மீட்டர்ல ஏறும்?"

மறுநாள் முதல் வேலையாக, திண்டிவனத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் இளவயசுக்காரர். மேல்மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்குதுக்கா. இன்னும் ரெண்டு வருசம் கவலையே இல்ல" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பெல்ட் நன்றாக இருக்கிறது என்பதைவிட, அந்த மனிதர் ஏமாற்றப் பார்த்தார் என்பதும் நான் ஏமாறவில்லை என்பதும்தான் அதில் பெரிய சந்தோஷம்.

வியாழக்கிழமை திரும்பி வரும்போது, கொட்டகை வாசலில் நிறுத்தி, மெனக்கெட்டு அதைச் சொன்னேன்.

"யாரு சொன்னது?"

"திண்டிவனத்துல ஒரு மெக்கானிக்கு."

"அவரு பட்டையோட முதுகப் பாத்திருப்பாரு. பல்லு உள்பக்கம் கீது," என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்குச் சந்தேகம் பெருக ஆரம்பித்தது. செவ்வாய், வியாழன், சனி, காலையில் நான் விழுப்புரம் போகும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார். என் வண்டியைத்தான் பார்ப்பார். சில நாள் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்து வைத்திருப்பார். நான் தாண்டியதும் கொட்டகைக்குள் போவது கண்ணாடியில் தெரியும். மாலையில் திரும்பும்போதும் அப்படியே. கொட்டகைக்குப் பின்னால் இழுவைக் கயிறும் கொக்கியும் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். என் வண்டி எப்போது நிற்கும் என்று காத்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஹோஸ் மாற்றிய அன்று எதையாவது இளக்கி வைத்திருப்பாரோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

"அவுருக்கு உன் மேல ஒரு கண்ணு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"என் மேல இல்ல, எஞ்சினு மேல."

பொங்கல் முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்பிய ஒரு சனிக்கிழமை, விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். கூட்டேரிப்பட்டு வந்தபோது வழக்கமான நேரம் தாண்டியிருந்தது. அவர் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். கையைக் காட்டி நிறுத்தி, "ஏன் லேட்டு?" என்றார். வீட்டு மனுஷர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். "எஞ்சினு ஆப் பண்ணீங்களா?" என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மனிதர் இன்னொருத்தர் வண்டி மேல் இவ்வளவு அக்கறை காட்டினால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

மாசி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். தாலுகா ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிற ஒரு நண்பர் என் வீட்டுக்காரருக்கு உண்டு. அவர்தான் அந்த இரண்டு வாரமும் காரை ஓட்டி, விழுப்புரம் கூட்டிப்போய் வந்தார். நான் அவரையும் விடவில்லை. இதுதான் சாக்கு என்று காரை எங்கேயாவது வாடகைக்கு ஓட்டிவிடுவாரோ என்று, காய்ச்சலோடு எழுந்து போய் தினமும் மீட்டரைப் பார்த்து வைத்துக்கொண்டேன். விழுப்புரம் போய்வர எவ்வளவு ஆகுமோ ஏறக்குறைய அவ்வளவுதான் ஏறியிருந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

அந்த இரண்டு சனிக்கிழமையும் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது தெளிவாக இருந்தார். வழக்கமான சோர்வு இல்லை. என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜோக் அடித்தார். சிகிச்சை பிடித்துக்கொண்டது என்று மயிலம் முருகனுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன். மறுநாள் கால் வீங்கியது. "சாப்பாட்டுல உப்பு தூக்கல்" என்றார். உடம்பு சரியாகி நான் காரைக் கழுவியபோது மிதியடியில் மணல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் கட்டுகிறார்கள், அந்த மணல் என்று தட்டிக் கொட்டினேன்.

பங்குனியில் ஒருநாள் எஞ்சின் பக்கமிருந்து மெல்லிய ஒரு கிர்ர் சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, என் வீட்டுக்காரரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கூட்டேரிப்பட்டு போனேன். இந்த ஆளிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று வழியெல்லாம் பொருமல்.

அவர் சத்தத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு, "இது பெல்ட்டு இல்ல, டென்ஷனர் பேரிங்கு. பட்டைய இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கற சக்கரம். ஆனா இத மாத்த பட்டைய கழட்டித்தான் ஆவணும். கழட்டறதோட புதுசு போட்டுடலாம். அதுக்கும் நேரம் வந்துட்ச்சி" என்றார்.

அதில்தான் அவரைப் பிடித்தேன். "நேரம் வந்துட்ச்சின்னு உங்களுக்கு எப்பிடிணா தெரியும்? மீட்டரத்தான் நம்ப மாட்டீங்களே?"

"மீட்டர யாரு பாத்தது? வாங்க, காட்றேன்."

கொட்டகையின் உள்பக்கத் தகரத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு காலண்டர் அளவுக்குச் சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தது. ஒரு வரிசைக்கு மூன்று கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோடு. வரிசை வரிசையாக, ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு.

"செவ்வா, வியாழன், சனி. நீங்க போறதப் பாத்து, வர்றதப் பாத்து ஒரு கோடு. ஒரு கோட்டுக்குப் போவ வர ஓட்டம், அதோட நாலு மணி நேரம் சும்மா ஓடுனது. இங்க பாருங்க, டோல்கேட்டுல நின்ன அன்னிக்கு பக்கத்துல ஒரு புள்ளி." அவர் விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் நின்றது. "இந்த ரெண்டு கட்டம்தான் எனக்குப் புரியல. மாசியில ரெண்டு சனிக்கெழம. வண்டி இந்தப் பக்கம் வரவே இல்ல. நடுவுல நாலு நாளு வேற ஆளு ஓட்டிக்கினு போனாரு, அதப் பாத்தேன். இந்த ரெண்டு நாளு வண்டி எங்க போச்சு? வேற மெக்கானிக்குகிட்ட விட்டீங்களா?"

நான் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போக இந்த இடத்தைத் தாண்டாமல் முடியாது. மரக்காணம் கடற்கரைக்குத்தான் வேறு ரோடு. அதுவும் ஏறக்குறைய இதே தூரம்தான். மிதியடியில் கிடந்த மணல் ஞாபகம் வந்தது. மறுநாள் வீங்கிய கால் ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து எதிரே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. கழுத்து அசையவே இல்லை.

கார் விற்றவரைச் சந்தேகப்பட்டேன். பில்டர் மாற்றியவரை, பத்திரம் எழுதுகிறவரை, இந்த மனிதரை, எல்லாரையும் சந்தேகப்பட்டேன். இருபது வருடம் பக்கத்தில் படுத்திருந்தவரை மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த ஸ்டூலை எட்டி உதைக்க வேண்டும் போல் இருந்தது.

மெக்கானிக் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அந்த இரண்டு காலிக் கட்டத்திலும் அவசரமாகக் கோடு இழுத்தார்.

"நான்தான் பாத்திருக்க மாட்டேன். டீ குடிக்கப் போயிருப்பேன்."

"எந்தக் கடைக்குணா?" என்றேன்.

பிளாஸ்க் அவர் காலடியிலேயே இருந்தது. ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார். நான் பார்க்க அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வேலை முடிய மூன்று மணி நேரம் ஆனது. நான் நட்டு எண்ணவில்லை. கழற்றிய பெல்ட்டை என்னிடம் நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு பல் போகவில்லை. அவர் சொன்னது சரியா, என்னை ஏமாற்றினாரா என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். "நல்லாத்தானே இருக்குது? இத எதுக்கு மாத்தணும்?"

"நல்லா இருக்கும்போது மாத்துனா நல்லாத்தான் சார் இருக்கும்," என்றார் மெக்கானிக். "அறுந்தப்புறம் வந்தீங்கன்னா நான் இன்னாத்த மாத்தறது?"

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பெல்ட்டை முழுசாக யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார். துடைத்து டப்பாவில் போட்டுப் புதுசு என்று விற்றுவிடுவார்கள் என்று, வண்டிக்காரர் கண்ணெதிரே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவரிடம் தருவார், இன்னொரு பாதியைத் தகரத்தில் ஆணியில் மாட்டுவார். அன்றும் வெட்டினார். ஆனால் அந்தப் பாதியை என்னிடம் தராமல் என் வீட்டுக்காரர் மடியில் வைத்தார்.

கார் திண்டிவனம் எல்லைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார், "ரெண்டே நாளுதான். ஒடம்பு நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு. கடலப் பாக்கணும்னு தோணுச்சு. வாரத்துல மூணு நாளு அந்தக் கட்டில்ல படுத்துக்கினு, மேல ஓடற பேன பாத்துக்கினு... உனுக்குத் தெரியாது."

"எனுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே?" என்றேன். அப்புறம்தான் அழுகை வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். "கடலுக்கு ஞாயித்துக்கெழம நான் கூட்டிக்கினு போவேனே, கேட்டிங்களா ஒரு வார்த்த?"

அவர் பெல்ட்டின் பல்லை விரலால் நெருடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வியாழன். விழுப்புரம் முடித்துத் திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் என் வீட்டுக்காரர் "நிறுத்து" என்றார். தலைசுற்றலோடு, கதவைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். கொட்டகைக்குள் போய், மெக்கானிக்கின் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அன்றைய கட்டத்தில் தன் கையால் ஒரு கோடு போட்டார். முதல் நாள் அவசரமாகப் போட்ட அந்த இரண்டு பொய்க் கோடுகளையும் உள்ளங்கையால் அழித்தார்.

மெக்கானிக் பக்கத்தில் வந்து அந்தப் புதுக் கோட்டைப் பார்த்தார்.

"போயிட்டு வந்தீங்கன்னு யாரு சொன்னது? கைய காட்டுங்க."

என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மெக்கானிக் பிளாஸ்டரை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கோட்டின் பக்கத்தில் தன் கோட்டைப் போட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடந்தது. இறங்க முடியாத நாட்களில் என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார், மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாலம் கட்ட ரோட்டை அகலப்படுத்தியபோது கொட்டகையை எடுத்துவிட்டார்கள். விக்கிரவாண்டியில் கடை போட்டிருக்கிறார் என்று ஒருத்தர் சொன்னார், மகள் வீட்டோடு செங்கல்பட்டு போய்விட்டார் என்று இன்னொருத்தர் சொன்னார். இரண்டையும் நான் நம்பவில்லை. விக்கிரவாண்டியில் மட்டும் இரண்டு முறை இறங்கித் தேடிப் பார்த்தேன். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பாதி பெல்ட் இன்னும் காரின் டேஷ்போர்டு பெட்டியில்தான் கிடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி நாங்கள் போய்வந்துகொண்டிருக்கிறோம். சில நாள் எனக்கு வேலை இருந்தால் பத்திரம் எழுதுகிறவர்தான் ஓட்டுகிறார். அந்த நாட்களில் மிதியடியைத் தூக்கிப் பார்க்காமல் நான் தூங்குவதில்லை.

நான் ஓட்டும்போது, திரும்பி வருகையில் அந்த இடத்தில் வேகம் தானாகக் குறைந்துவிடும். இப்போது அங்கே பாலத்தின் தூண்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர், கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாலும், நான் கேட்காமலேயே சட்டைக் கையை மடித்து என் பக்கம் நீட்டுவார்.

"இன்னும் நம்பிக்க வரலியா உனுக்கு?" என்று போன வாரம் கேட்டார்.

"வரல" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்தேன்.